டயல்-அப் மோடம் அமைப்புகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணினியின் தரவைத் தொலைபேசிக் கம்பியில் ஒலியாக அனுப்பும் மோடத்தின் அமைப்புகளைத் திருத்த முற்படுவோரில் பலர், வேறெங்கோ ஒருவருக்குப் பயன்பட்ட நீளமான தொடக்கக் கட்டளை வரியை அப்படியே எடுத்துத் தம் கணினியில் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் சில்லுக்காக எழுதப்பட்ட கட்டளை இன்னொரு நிறுவனத்தின் சில்லில் வேறு பொருள் தரும் என்பதால், இருந்த கோளாறும் போகாமல் புதியதொன்றும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே இவ்வழிமுறை முழுவதும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகிறது. மோடத்தை முதலில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் தடை ஏற்படுகிறது என்பதைக் காதாலும் கண்ணாலும் அறிய வேண்டும். பிறகு அந்த அறிகுறி கேட்கும் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சீரியல் போர்ட்டில் இணைக்கப்படும் 56 கே வெளிப்புற மோடம். கணினியில் இருப்பது விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி அல்லது லினக்ஸ். தொலைபேசி இணைப்பு இந்தியாவினுடையது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டதால், இன்று மோடத்தைத் தூசி தட்டி எடுப்பவர் இணைய நிறுவனத்தை அழைப்பதைவிட, தம்முடைய இன்னொரு மோடத்தையோ தொலைவில் நிறுவப்பட்ட ஒரு கருவியையோ அழைப்பவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரு வகையினருக்கும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடும் இடங்களைத் தனியே சுட்டியிருக்கிறேன்.

கட்டளைகளை எழுதும் முறை பற்றி ஒரு சொல். ஏடிஎக்ஸ்3 என்பதுபோல் இங்கே ஒலிபெயர்த்துத் தரப்படுபவற்றை விசைப்பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இடைவெளியின்றி அடித்து, என்டர் விசையை அழுத்த வேண்டும். முதலிரண்டு எழுத்துகளையும் ஒரே வகையில் அடிப்பது அவசியம். ஒன்றைப் பெரிதாகவும் மற்றொன்றைச் சிறிதாகவும் அடித்தால் பல மோடங்கள் கண்டுகொள்வதில்லை. அந்த இரண்டு எழுத்துகளின் பிட் வடிவத்திலிருந்துதான் கணினி எந்த வேகத்தில் பேசுகிறது என்பதையே மோடம் கணித்துக்கொள்கிறது. 1981இல் வெளிவந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடம் தொடங்கிவைத்த இந்த வழக்கத்தைப் பின்வந்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடிப்படைக் கட்டளைகளை மட்டுமே ஒன்றுபோல் வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது.

தொடங்கும் முன்

டயல்-அப் இணைப்புச் சாளரத்தை மூடிவிட்டு, மோடத்துடன் நேரடியாகப் பேசும் நிரல் ஒன்றைத் திறக்கவும். விண்டோஸ் 98, எக்ஸ்பி இரண்டிலும் ஹைப்பர்டெர்மினல் உண்டு. லினக்ஸில் மினிகாம் போதும். வேகத்தை 115200 என்றும், தரவு 8 பிட், சமநிலைப் பிட் இல்லை, நிறுத்தப் பிட் 1 என்றும் வைத்து, ஏடி என்று மட்டும் அடிக்கவும். "ஓகே" என்று பதில் வந்தால், ஏடி&எஃப் அடித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பவும். யு.எஸ். ரோபாடிக்ஸ் மோடம் வைத்திருப்பவர்கள் ஏடி&எஃப்1 என்று எண்ணுடன் அடிக்க வேண்டும்; அவற்றில் எண் இல்லாத வடிவம் ஓட்டக் கட்டுப்பாடே (நினைவகம் நிரம்பும்போது தரவை நிறுத்தச் சொல்லும் முறை) இல்லாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். அடுத்து ஏடிஎம்1எல்2 அடித்து ஒலிபெருக்கியைத் திறந்து வைக்கவும். கீச்சொலி எரிச்சல் தருகிறது என்று பலரும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுகிறார்கள். நோயைக் கண்டறியும்வரை அந்த ஒலிதான் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி.

ஓர் அழைப்பின் ஒலியை வரிசையாகக் கேட்டுப் பழக வேண்டும். முதலில் ரிலே சுவிட்ச் சொடுக்கும் ஒலி, பிறகு டயல் டோன், பிறகு எண்கள், மறுமுனையில் மணி, அது எடுத்ததும் நீண்ட ஒற்றைச் சுரம், அதன்பின் இரு மோடங்களும் பேரம் பேசும் இரைச்சல், முடிவில் அமைதி. இந்த வரிசை எங்கே அறுந்துபோகிறதோ அங்கேதான் கோளாறு இருக்கிறது. கீழே உள்ள தலைப்புகளும் அதே வரிசையில்தான் செல்கின்றன.

ஏடி அடித்தும் பதிலே வரவில்லை

அடித்த எழுத்துகளும் திரையில் தெரியாமல் பதிலும் வராமல் இருந்தால், கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலேயே தொடர்பு இல்லை என்று பொருள். மின்சாரம், கேபிள், போர்ட் எண் என்ற வரிசையில் பார்க்கவும். இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைப்பதற்கான நல்-மோடம் கேபிள் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அதற்குள் கம்பிகள் குறுக்கே மாற்றப்பட்டிருப்பதால் மோடத்துக்கு உதவாது. யுஎஸ்பி-சீரியல் மாற்றி வழியே இணைப்பவர்கள், லினக்ஸில் தங்கள் பயனர் கணக்கு அந்தப் போர்ட்டைத் திறக்க உரிமை பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெபியன் வகையில் "டயல்அவுட்" என்ற குழுவில் பயனரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி நுழைந்தால் போதும். மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, புதிதாகத் தெரியும் சீரியல் போர்ட்டுகளைத் தானே திறந்து துழாவும் பழக்கம் உடையது. அதையும் நிறுத்திவிட்டுச் சோதிக்கவும்.

கணினி உயிரோடு இருக்கிறது, மோடத்தின் விளக்கும் எழுத்து அடிக்கும்போது மினுக்குகிறது, ஆனால் பதில் மட்டும் வரவில்லை என்றால், மோடம் ஊமையாக்கப்பட்டிருக்கலாம். முன்பு வைத்திருந்தவர் ஏடிகியூ1 என்ற கட்டளையைச் சேமித்து வைத்திருந்தால், அது சொன்னதைச் செய்யும், வாய் திறக்காது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏடி&எஃப் என்று அடித்து என்டர் அழுத்தினால் பேச்சு திரும்பிவிடும். "ஓகே"க்குப் பதிலாக வெறும் 0 வருகிறது என்றால் அது ஏடிவி0இன் வேலை, ஏடிவி1 அடிக்கவும். பதில் புரியாத குறிகளாக வந்தால் வேகமோ பிட் அமைப்போ பொருந்தவில்லை.

உள்ளே செருகும் அட்டை மோடம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் ஐயம் உண்டு. காம்1, காம்3 ஆகிய இரு போர்ட்டுகளும் வழக்கமாகக் குறுக்கீட்டு எண் (கருவி கணினியின் கவனத்தைக் கோரும் தடம், ஐஆர்கியூ) 4ஐயும், காம்2, காம்4 ஆகியவை எண் 3ஐயும் பகிர்ந்துகொள்கின்றன. சீரியல் சுட்டி காம்1இலும் மோடம் காம்3இலும் இருந்தால், டயல் செய்யும்போது சுட்டி உறைந்துபோகும். அல்லது சுட்டியை அசைத்தால்தான் மோடத்திடமிருந்து எழுத்து வரும். இதைப் பார்த்துப் பேய் என்று பயந்தவர்களையும் அறிவேன். மோடத்தை காம்2க்கோ காம்4க்கோ மாற்றினால் தீர்ந்தது. ஏற்கெனவே இயங்கும் இரண்டாம் சீரியல் போர்ட் இருந்தால், அதனோடு மோதாதபடி பயாஸில் அதை முடக்கிவிட வேண்டும்.

"நோ டயல்டோன்" என்று வருகிறது. விண்டோஸில் பிழை எண் 680

இந்தியப் பயனர்களை அதிகம் அலைக்கழித்த அறிகுறி இது என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் டயல் டோன் தெளிவாகக் கேட்கிறதா என்பதே முதல் கேள்வி.

கேட்கவில்லை என்றால் அமைப்புகளைத் தொடவே வேண்டாம். சுவரிலிருந்து வரும் கம்பி, மோடத்தின் பின்புறம் "லைன்" என்று குறித்த துளையில் இருக்க வேண்டும். "போன்" என்று குறித்த துளை தொலைபேசிக் கருவிக்கானது. அதே கம்பியை ஒரு சாதாரணத் தொலைபேசியில் செருகிப் பார்க்கவும். தொலைபேசியில் டோன் வந்து, மோடத்தில் ரிலே சொடுக்கும் ஒலிகூடக் கேட்காவிட்டால், மோடத்தின் தொலைபேசிப் பகுதி எரிந்துபோயிருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழையில் என்னிடமே இரண்டு மோடங்கள் இப்படிப் போயின. கணினியுடன் நன்றாகப் பேசும், எல்லாக் கட்டளைகளுக்கும் "ஓகே" என்று பணிவாகச் சொல்லும், ஆனால் தொலைபேசிக் கம்பியை மட்டும் அதற்குத் தெரியவே தெரியாது. மின்னல் வரும்போது மின்கம்பியைக் கழற்றும் நாம் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுகிறோம்.

டோன் நம் காதுக்குக் கேட்டும் மோடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அதற்குத் தெளிவான காரணம் உண்டு. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரு சுரங்களின் கலவை. இந்திய டயல் டோனோ 400 ஹெர்ட்ஸ் சுரம் 25 ஹெர்ட்ஸால் பண்பேற்றப்பட்டு வரும் ஒன்று. அமெரிக்கச் சந்தைக்காக அமைக்கப்பட்ட மோடத்துக்கு இந்த மொழி புரியாமல் போவதில் வியப்பில்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சரியான வழி, மோடத்துக்கு நாட்டைச் சொல்லிக் கொடுப்பது. பிந்தைய காலத்து மோடங்களில் ஏடி+ஜிசிஐ=53 என்பது இந்தியாவைக் குறிக்கும்; ஏடி+ஜிசிஐ? என்று அடித்தால் இப்போது எந்த நாடு இருக்கிறது என்று காட்டும். விண்டோஸில் மோடத்தின் பண்புகளில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அங்கேயும் மாற்றலாம்.

அந்தக் கட்டளைக்கு "எர்ரர்" என்று பதில் வந்தால் எளிய வழி ஏடிஎக்ஸ்3. இது டயல் டோனைத் தேடாமலேயே டயல் செய்யச் சொல்லும். ஆனால் மறுமுனை பிஸியாக இருந்தால் கண்டுபிடிக்கும். ஏடிஎக்ஸ்4 இரண்டையும் பார்க்கும். ஏடிஎக்ஸ்1 இரண்டையும் பார்க்காது. டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்போது, ரிசீவரை எடுத்ததிலிருந்து எத்தனை விநாடி கழித்து எண்ணைச் சுழற்றுவது என்பதை எஸ்6 பதிவகம், அதாவது மோடம் ஓர் எண்ணைக் குறித்து வைக்கும் நினைவிடம், தீர்மானிக்கிறது. பெரும்பாலான மோடங்களில் அது 2 விநாடி. டோன் தாமதமாக வரும் எக்ஸ்சேஞ்சாக இருந்தால் ஏடிஎஸ்6=4 என்று கூட்டவும்; இல்லாவிட்டால் முதல் ஓரிரு எண்கள் விழுங்கப்பட்டு, "தாங்கள் அழைத்த எண் சரியானதல்ல" என்ற பதிவுக் குரலுடன் மோடம் கீச்சிட்டு வாதாடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் கட்டளை எழுத விரும்பாதவர்கள், மோடம் பண்புகளில் டயல் டோனுக்குக் காத்திருக்கும் தேர்வை நீக்கினாலே இதே பலன் கிடைக்கும்.

அலுவலகங்களில் உள் இணைப்பகம் வழியே அழைப்பவர்களுக்கும் இதே பிழை வரும். வெளி இணைப்புக்கு 0 அழுத்த வேண்டிய இடத்தில், எண்ணுக்கு முன் 0 போட்டு ஒரு காற்புள்ளியும் இட வேண்டும். ஒவ்வொரு காற்புள்ளியும் எஸ்8 பதிவகத்தில் உள்ள அளவு, வழக்கமாக 2 விநாடி, நின்று செல்லும். காற்புள்ளிக்குப் பதிலாக டபிள்யூ எழுத்தை இட்டால் மோடம் இரண்டாம் டோனுக்குக் காத்திருக்கும். ஆனால் அந்த டோனை அடையாளம் காணாத மோடத்தில் அது பயன்படாது.

டயல் செய்தும் டயல் டோன் தொடர்ந்து கேட்கிறது

எண்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை. ஏடிடிடி என்று தொடங்கினால் டோன் முறை, ஏடிடிபி என்று தொடங்கினால் பல்ஸ் முறை. பழைய உள் இணைப்பகங்கள் பல்ஸை மட்டுமே ஏற்கும். இன்றைய ஃபைபர் கருவிகளின் தொலைபேசித் துளைகளில் சில டோனை மட்டுமே ஏற்கும். டோன் முறையில் சில எண்கள் மட்டும் தவறிப்போனால், மோடம் அவசரப்படுகிறது என்று பொருள். எஸ்11 பதிவகம் ஒவ்வொரு எண்ணின் ஒலி நீளத்தையும் மில்லி விநாடியில் குறிக்கும். அதை 120 அளவுக்கு உயர்த்திப் பார்க்கவும்.

மறுமுனை எடுக்கிறது, இரைச்சல் கேட்கிறது, பிறகு "நோ கேரியர்"

கேரியர் என்பது மோடங்கள் தரவை ஏற்றி அனுப்பும் அடிப்படைச் சுரம். இங்கே காது மிகவும் உதவும். இரைச்சல் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் அறுந்தால், நேரம் போதவில்லை என்று கொள்ளலாம். எஸ்7 பதிவகம், டயல் செய்ததிலிருந்து இணைப்பு அமையும் வரை எத்தனை விநாடி பொறுத்திருப்பது என்பதைச் சொல்கிறது. மறுமுனையில் நான்கைந்து மணி அடித்தபின் எடுக்கும் கருவி இருந்தால், வழக்கமான 50 அல்லது 60 விநாடியில் பாதி அதிலேயே போய்விடும். ஏடிஎஸ்7=90 என்று வைத்துச் சோதிக்கவும்.

இரைச்சல் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டு நின்றால், இரு மோடங்களுக்கும் வேகத்தில் உடன்பாடு வரவில்லை. இங்கே நாம்தான் இறங்கிவர வேண்டும். 56 கே பேரத்தையே தொடங்காமல், 33600 வரை மட்டுமே செல்லும் வி.34 தரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது பல நேரங்களில் உடனே பலன் தரும். ராக்வெல், கோனெக்ஸன்ட் சில்லுகளில் ஏடி+எம்எஸ்=வி34 என்பது அதற்கான கட்டளை; பழைய சில்லுகளில் பெயருக்குப் பதில் 11 என்ற எண் இருக்கும். ஏடி+எம்எஸ்=? என்று கேட்டால் உங்கள் மோடம் ஏற்கும் மதிப்புகளை அதுவே பட்டியலிட்டுவிடும். யு.எஸ். ரோபாடிக்ஸில் &என் கட்டளை இந்த வேலையைச் செய்கிறது; &என்14 என்றால் 28800. எண் தரப்பட்டால் அந்த வேகத்தில் மட்டுமே இணைய முயலும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடிக்கடி மறுபயிற்சி (மோடங்கள் வேகத்தை மறுபடி பேரம் பேசுவது) நடக்கும் இணைப்பில் 45333 என்று காட்டுவதைவிட, அசையாத 28800 வேகமானது. எண்ணைப் பார்த்து மகிழ்வதா, கோப்பு வந்து சேருவதைப் பார்த்து மகிழ்வதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஃபைபர் இணைப்புடன் தரப்படும் பெட்டியின் தொலைபேசித் துளையில் மோடத்தைச் செருகியவர்களுக்கு இந்த அறிகுறி ஏறத்தாழ நிச்சயமாக வரும். அங்கே குரல் பொட்டலங்களாக உடைக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஜி.729 போன்ற சுருக்க முறை, மனிதக் குரலை விநாடிக்கு 8000 பிட்டுக்குள் அடக்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மோடத்தின் இரைச்சல் அதில் சிதைந்துபோகும். 64000 பிட் எடுத்துக்கொள்ளும் ஜி.711 முறை இருந்தால்தான் நம்பிக்கை உண்டு. அந்தத் தேர்வு பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் திறந்திருந்தால் அதைத் தேர்ந்து, குரல் இல்லாதபோது அனுப்பாமல் இருக்கும் வசதியையும் எதிரொலி நீக்கத்தையும் அணைக்கவும். விடையளிக்கும் மோடம் தரும் 2100 ஹெர்ட்ஸ் சுரம், வழியில் உள்ள எதிரொலி நீக்கிகளை விலகச் சொல்லும் அறிவிப்பேயாகும். எல்லாப் பெட்டிகளும் அதை மதிப்பதில்லை. இவ்வளவும் செய்த பின்னும் வேகத்தை 14400க்கோ 9600க்கோ கட்டுப்படுத்த வேண்டியிருக்கலாம்.

115200 என்று காட்டுகிறது. அல்லது 33600ஐத் தாண்டவே இல்லை

முதலாவது கோளாறே அல்ல. "கனெக்ட் 115200" என்பது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். தொலைபேசிக் கம்பியில் ஓடும் வேகம் தெரிய வேண்டுமானால், ராக்வெல் வழிவந்த மோடங்களில் ஏடிடபிள்யூ2 அடிக்கவும்.

இரண்டாவதும் பெரும்பாலும் கோளாறு அல்ல. 1998இல் வந்த வி.90 தரம், மறுமுனை எக்ஸ்சேஞ்சுடன் நேரடி டிஜிட்டல் இணைப்பில் இருக்கிறது என்ற அடிப்படையில்தான் இயங்குகிறது. எக்ஸ்சேஞ்ச் விநாடிக்கு 8000 முறை மாதிரி எடுக்கிறது. மாதிரிக்கு 7 பிட் வீதம் 56000 என்ற எண் அங்கிருந்து பிறக்கிறது. அதுவும் நம்மை நோக்கி வரும் திசையில் மட்டுமே. நாம் அனுப்பும் திசையில் 33600தான் உச்சம். வீட்டு மோடம் ஒன்றிலிருந்து இன்னொரு வீட்டு மோடத்தை அழைத்தால் வழியில் இரு முறை அனலாக் மாற்றம் நடக்கிறது. எந்த அமைப்பைத் திருகினாலும் 33600க்கு மேல் ஏறாது. மறுமுனை உண்மையிலேயே டிஜிட்டலாக இருந்தும் ஏறவில்லை என்றால், இடையில் உள் இணைப்பகம் இருக்கிறதா, கம்பி எக்ஸ்சேஞ்சிலிருந்து வெகு தொலைவு வருகிறதா என்று பாருங்கள்.

இணைந்த சில நிமிடங்களில் அறுந்துபோகிறது

எத்தனை நிமிடத்தில் அறுகிறது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே கால அளவு என்றால் எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. விண்டோஸின் இணைப்புப் பண்புகளில் உள்ள செயலின்மை நேரம், லினக்ஸில் டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலின் ஐடில் விருப்பம், மோடத்துக்குள்ளேயே இருக்கும் செயலின்மைப் பதிவகம் ஆகிய மூன்றையும் பார்க்கவும். அந்தப் பதிவகம் சில சில்லுகளில் எஸ்30, யு.எஸ். ரோபாடிக்ஸில் எஸ்19.

ஒழுங்கில்லாமல் அறுந்தால், யாராவது அழைக்கும் நேரத்தில் அறுகிறதா என்று பாருங்கள். கால் வெயிட்டிங் வசதியின் சிறிய பீப் ஒலி கேரியரை ஒரு கணம் மறைத்துவிடும். எஸ்10 பதிவகம், கேரியர் எவ்வளவு நேரம் காணாமல் போனால் துண்டிப்பது என்பதைப் பத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் சொல்கிறது. வழக்கமான மதிப்பு 14, அதாவது 1.4 விநாடி. ஏடிஎஸ்10=50 என்று வைத்தால் 5 விநாடி வரை பொறுத்துக்கொள்ளும். இதை 255 ஆக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்க வேண்டாம். மறுமுனை போனபின்னும் மோடம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், கட்டணம் ஓடும். வசதியையே நிறுத்துவதுதான் முறையான தீர்வு.

இரண்டும் இல்லையென்றால் கம்பிதான் காரணம். தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தி டோனை நிறுத்திவிட்டு, அமைதியைக் கேளுங்கள். கரகரப்போ உறுமலோ கேட்டால், அதை எந்தப் பதிவகமும் தீர்க்காது. வீட்டுக்குள் இணையாக ஓடும் மற்ற தொலைபேசிகளையும், தேவையற்ற நீட்டிப்புக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் ரோசெட் பெட்டியிலேயே மோடத்தை நேரடியாகச் செருகிச் சோதிக்கவும். அங்கே சரியாக இருந்தால் பழுது வீட்டுக்குள். அங்கேயும் கரகரத்தால் லைன்மேனிடம் சொல்ல வேண்டியதுதான். அவரிடம் "மோடம் வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல் "பேசும்போது இரைகிறது" என்று சொன்னால் வேலை விரைவில் நடக்கும். அதே கம்பியில் பிராட்பேண்டும் வருகிறது என்றால், மோடத்துக்கு முன்னால் வடிகட்டி இருக்க வேண்டும்.

இணைப்பு இருக்கிறது, தரவு திக்கித் திக்கி வருகிறது

சிறு கோப்புகள் வந்து, பெரிய கோப்புகள் நடுவழியில் உறைந்தால் ஓட்டக் கட்டுப்பாட்டைச் சந்தேகிக்கவும். மோடத்தின் நினைவகம் நிரம்பியதும் "சற்று நில்" என்று கணினியிடம் சொல்ல ஒரு வழி வேண்டும். அதற்கென்றே கேபிளில் தனிக் கம்பிகள் உண்டு: ஒன்பது முள் இணைப்பியில் 7, 8 ஆகியவை. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இந்த இரண்டும் இருக்கவே இருக்காது. ராக்வெல் வகையில் &கே3 இந்த வன்பொருள் முறையை இயக்கும். நகலெடுத்த கட்டளை வரியின் ஆபத்துக்குச் சரியான எடுத்துக்காட்டும் இதுவே: யு.எஸ். ரோபாடிக்ஸில் &கே3 என்பது ஓட்டக் கட்டுப்பாட்டைத் தொடவே தொடாது, தரவுச் சுருக்கத்தின் ஒரு வகையை மாற்றிவிடும்; அங்கே வன்பொருள் முறைக்கு &எச்1. கணினிப் பக்கமும் அதே முறை இருக்க வேண்டும். லினக்ஸில் பிபிபிடிக்குரிய விருப்பம் சிஆர்டிஎஸ்சிடிஎஸ்.

மிகப் பழைய கணினிகளில் சீரியல் சில்லு 16450 ஆக இருந்தால், அது ஒரே ஓர் எழுத்தைத்தான் பிடித்து வைக்கும். 16550ஏ சில்லு 16 எழுத்துகளைப் பிடிக்கும். பழையது இருந்தால் போர்ட் வேகத்தை 38400 அல்லது 19200க்குக் குறைப்பதைத் தவிர வழியில்லை. கம்பியில் இரைச்சல் இருக்கிறது என்பதற்காக வி.42 பிழைத் திருத்தத்தை அணைக்கச் சொல்வோரும் உண்டு. அணைத்தால் இரைச்சல் நேராகத் தரவுக்குள் நுழையும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மோடங்கள் இணைந்தன, ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை

இரைச்சல் முடிந்து அமைதி வந்துவிட்டால் மோடத்தின் பொறுப்பு முடிந்தது. இதன்பின் ஏடி கட்டளைகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண். பிழை எண் 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு; எழுத்தின் பெரிது சிறிது பார்க்கப்படும். 718, அல்லது லினக்ஸ் பதிவேட்டில் எல்சிபி (இணைப்பின் தொடக்கப் பேச்சு) நேரம் கடந்தது என்ற செய்தி வந்தால், மறுமுனை பிபிபி (டயல்-அப்பில் இணையத் தரவைச் சுமக்கும் நெறிமுறை) பேசாமல், பெயரை அடிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஹைப்பர்டெர்மினல் அல்லது மினிகாம் வழியே கையால் டயல் செய்து, இணைந்ததும் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். பெயர் கேட்கும் வரி வந்தால் உள்நுழைவு நிரல் வரி தேவை. புரியாத குறிகள் கொத்துக் கொத்தாக வந்தால் மறுமுனை ஏற்கெனவே பிபிபி பேசுகிறது, லினக்ஸின் டபிள்யூவிடயல் (wvdial) என்ற டயல் நிரலில் ஸ்டுப்பிட் மோட் என்ற விருப்பத்தை இயக்கினால் போதும். 720 வந்தால் விண்டோஸ் 98இல் டிசிபி/ஐபி நெறிமுறையை நீக்கி மறுபடி நிறுவவும்; எக்ஸ்பியில் அதை நீக்க முடியாது என்பதால் netsh int ip reset கட்டளையால் தொடக்க நிலைக்குத் திருப்பவும்.

நுழைந்தும் எந்தத் தளமும் திறக்காவிட்டால், ஐபி எண்ணைக் கொண்டு பிங் செய்து பார்க்கவும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) அமைப்பில் குறை. எண்ணுக்கும் வராவிட்டால், கணினியில் ஏற்கெனவே உள்ள வலையமைப்பு அட்டை வழியே இயல்புப் பாதை போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பே ஓர் இயல்புப் பாதை இருந்தால் பிபிபிடி அதைத் தானாக மாற்றாது.

மோடம் துண்டிக்க மறுக்கிறது. அல்லது வீட்டுக்கு வரும் அழைப்பையெல்லாம் எடுத்துக் கத்துகிறது

நிரலை மூடியபின்னும் மோடம் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் &டி0 என்ற நிலையில் இருக்கிறது; &டி2க்கு மாற்றவும். உடனடியாக விடுவிக்க, ஒரு விநாடி எதுவும் அடிக்காமல் இருந்து, மூன்று கூட்டல் குறிகளை அடித்து, மறுபடி ஒரு விநாடி காத்திருந்து, "ஓகே" வந்தபின் ஏடிஎச் அடிக்க வேண்டும். கூட்டல் குறிகளுக்குப் பின் என்டர் அழுத்துவதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை.

வெளியிலிருந்து அழைப்போர் காதில் கீச்சொலி கேட்கிறது என்று புகார் வந்தால், எஸ்0 பதிவகத்தில் 1 சேமிக்கப்பட்டிருக்கிறது. ஏடிஎஸ்0=0 அடிக்கவும். உறவினர் வீட்டில் ஒருமுறை இரண்டு வாரம் "போன் கெட்டுவிட்டது" என்றிருந்ததற்கு இந்த ஓர் எண்தான் காரணமாக இருந்தது.

சரியான அமைப்பைக் கண்டபின் சேமித்தல்

ஏடி&வி அடித்தால் பெரும்பாலான மோடங்கள் இப்போதைய அமைப்புகளைக் காட்டும்; யு.எஸ். ரோபாடிக்ஸில் அதற்கு ஏடிஐ4. பார்த்துக் குறித்துக்கொண்டு ஏடி&டபிள்யூ மூலம் சேமிக்கவும்; அடுத்து ஏடிஇசட் அடித்தால் சேமித்தவை திரும்பி வரும். விண்டோஸ் பயனர்கள் இதை மட்டும் நம்பக்கூடாது. விண்டோஸின் மோடம் இயக்கிகள் பல, ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் தாமாகவே &எஃப் கட்டளையை அனுப்பிச் சேமித்ததை ஓரங்கட்டிவிடுகின்றன. கண்டறிந்த ஓரிரு கட்டளைகளை, ஏடி என்ற முன்னெழுத்துகள் இல்லாமல், மோடம் பண்புகளின் மேம்பட்ட பகுதியில் உள்ள கூடுதல் அமைப்புகள் பெட்டியில் எழுத வேண்டும்; இந்திய இணைப்பில் அங்கே எக்ஸ்3எஸ்6=4 என்பதற்கு மேல் எழுத வேண்டிய தேவை அரிதாகவே வரும்.